தொடர்ந்து ஆறு தோல்வி: கீப்பரை மாற்றுவதா?

வணக்கம் மாஸ்டர். உங்கட 15 வயதுக்குட்பட்ட ஹொக்கி டீம் ஆறு மெட்ச் வரிசையா தோத்துட்டுது, பெற்றோர் கீப்பரை மாத்தச் சொல்லி நிக்கினம் எண்டு எழுதியிருந்தீங்கள். இப்ப மாத்தாதேங்கோ. கோல் விழுற இடத்தில நிக்கிறவன் அவன். பிழை தொடங்குற இடம் பெரும்பாலும் வேற.

ஒரு கொப்பியில, வாங்கின ஒவ்வொரு கோலும் எப்படி வந்தது எண்டு எழுதிப் பாருங்கோ. நாங்கள் தோத்துக்கொண்டிருந்த வருசம் நான் எழுதினன். பாதிக்கு மேல ஷோர்ட் கோர்னரில வந்தது, அதாவது கோலுக்கு முன்னால இருக்கிற வட்டத்துக்குள்ள நாங்கள் பிழை விட்டா எதிரணிக்குப் பின்கோட்டில இருந்து கிடைக்கிற அடி. அதிலயும் முக்கால்வாசி, வட்டத்துக்குள்ள எங்கட பெக் (தடுத்து விளையாடுற) பொடியன்ர காலில பந்து பட்டு நாங்களே குடுத்தது! கோர்னருக்கு தடுக்கிற டீமில கீப்பரோட சேர்த்து ஐஞ்சு பேர்தான் பின்கோட்டுக்குப் பின்னால நிக்கலாம், மிச்சப் பேர் நடுக்கோட்டுக்கு அங்கால. அப்ப அந்த ஐஞ்சு பேரில, அடியைத் தடுக்க முதல் ஓடி வாறவன்தான் எல்லாம். நாங்கள் ஒரு கிழமை முழுக்க அந்த ஓட்டத்தை மட்டும் பழக்கினம். முகமூடி போட்டுத்தான், அதில விட்டுக்குடுக்காதேங்கோ.

பாடசாலைப் புல்லில பழகிப்போட்டு கொழும்பு ரீட் அவனியூ டர்ஃபில (செயற்கைப் புல் மைதானத்தில) விளையாடுறீங்களோ? அங்க பந்து வழுக்கிக்கொண்டு வரும், புல்லில பழகின கை பிந்தும். டர்ஃப் கிடைக்காட்டி, மட்டமான சிமெந்துத் தரையில பந்தை நிப்பாட்டப் பழக்குங்கோ.

தோத்த அண்டைக்கு மைதானத்தில கூட்டம் வைக்க வேண்டாம். பிளேன்ரீயும் பணிசும் வாங்கிக் குடுத்து வீட்ட அனுப்புங்கோ. கொப்பியை அடுத்த பிராக்டிசுக்கு எடுக்கலாம்.