கோத்தகிரிப் பக்கம் மின்னும் கறுப்புக் கல் கிடைத்தது. வெள்ளி இருக்குமா? நீலகிரியில் ஈயம், துத்தநாகம் உண்டா?

எனக்கும் கோத்தகிரிதான். எட்டாவது படிக்கும்போது, மழையில் மண் சரிந்த ரோட்டோரத்தில் இதே மாதிரி ஒரு துண்டை எடுத்தேன். வெள்ளிதான் என்று முடிவு கட்டி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா கையில் சிக்கி அது கொல்லைக்குப் போனது.

கல்லூரியில் ஜியாலஜி (பாறை, தாதுக்களைப் பற்றிய படிப்பு) வாத்தியார் ஒரு கலீனாத் துண்டை உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சை அளவுதான், ஆனால் கை சட்டென்று கீழே இறங்கியது. சாதாரணக் கல்லைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடையும். ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது அது. அப்போதுதான் புரிந்தது, நான் ஒளித்து வைத்தது வெறும் காக்காப்பொன், அதாவது மைக்கா.

வெள்ளி பெரும்பாலும் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கலீனாவுக்குள் டன்னுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் ஒளிந்திருக்கும். துத்தநாகம் அதன் பக்கத்திலேயே ஸ்பாலரைட் என்ற பழுப்புத் தாதுவாக இருக்கும். மூன்றும் கூடித் திரிவதற்குக் காரணம் உப்புநீர். பூமிக்குள் சூடான உப்புநீர் பாறைகளிலிருந்து இந்த உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வரும். கந்தகம் கிடைக்கும் இடத்திலோ, சூடு ஆறும் இடத்திலோ இறக்கி வைத்துவிடும். அந்த இடம் கடலடிச் சேறாக இருக்கலாம், சுண்ணாம்புப் பாறையின் விரிசலாகவும் இருக்கலாம்.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கெட்டியான கருஞ்சாம்பல் பாறை. சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில், தண்ணீர்ப் பசையே இல்லாமல் உருவானது. அந்தச் சூட்டில் தாதுவெல்லாம் அழிந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ராஜஸ்தானின் ராம்பூரா அகூச்சாவும் கடும் சூட்டில் வெந்த பாறைதான், ஆனால் உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் அது ஒன்று. வேகுமுன் அது கடலடிப் படிவு, உலோகம் அப்போதே உள்ளே இருந்தது. நம் மலையில் பெரும்பகுதி ஆழத்தில் உறைந்த பாறைக்குழம்பு. ஆக, வெந்ததைவிட வேகுமுன் என்னவாக இருந்தது என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டிலேயே இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரில் ஈயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி எல்லாம் சேர்ந்த படிவு உண்டு. நீலகிரியில் பெயர் வாங்கியது தங்கம்தான். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் லண்டன் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து, சில வருடங்களில் கையைச் சுட்டுக்கொண்டு போயின. அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பைரைட், இரும்பும் கந்தகமும்.

துத்தநாகத்துக்குப் பழைய கதையும் உண்டு. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாவர் என்ற ஊருக்குப் போனால் அங்குள்ள சுவர்களைப் பாருங்கள். கத்திரிக்காய் வடிவ மண்குடுவைகளைச் செங்கல் மாதிரி அடுக்கியிருப்பார்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும். தாதுவிலிருந்து பிரிக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால், பிரியும்போதே ஆவியாகிப் பறந்துவிடும். அந்த ஆவியைக் கவிழ்த்து வைத்த குடுவை வழியாகக் கீழே இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. சுவரில் இருப்பவை அந்தப் பழைய குடுவைகள்.

ஒரு சின்னக் குழப்பம்: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். நாம் பேசுவது காரீயம், நச்சு.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். முதலில் கையில் வைத்துக் கனம் பாருங்கள். நகத்தால் நெருடினால் தகடு தகடாக உரிந்தால் காக்காப்பொன். காகிதத்தில் பென்சில் மாதிரி எழுதி, கனமும் இல்லை என்றால் கிராஃபைட். அளவுக்கு மீறிக் கனத்து, தரை டைலின் மெருகில்லாத பின்பக்கத்தில் உரசினால் ஈயச் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தால் மட்டும் ஜியாலஜி துறை உள்ள ஒரு கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். வெள்ளி வருகிறதா என்று அடுப்பில் போட்டு உருக்க வேண்டாம். கல்லைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.