பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயம்: குடும்ப வழக்கறிஞர் பதில்கள்

கீழக்கரையிலிருந்து: லாத்தா, துபாயிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை, சண்டை முற்றி, ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். பாஸ்போர்ட் அவர் பீரோவில். என்ன செய்வது?

விமானம் ஏறுவதற்கு முன்னால் செய்வதுதான் எல்லாம், தங்கச்சி. கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இல்லை, அமீரகமும் இல்லை. போய்விட்டால் அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் போராட வேண்டும். உடனே, பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்று தீர்மானிக்கும் 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி மனு போட்டு, பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தடையும், பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவும் கேளுங்கள். தடையை இமிக்ரேஷனுக்கு நீதிமன்றமே தெரிவிக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மதுரை விமான நிலையத்தில் மட்டும் சொல்லி வைத்தால் திருச்சி வழியாகப் போய்விடலாம். ஸ்டேஷனிலும் புகார் கொடுங்கள், ஆனால் "அப்பாதானேம்மா" என்று திருப்பி அனுப்பக்கூடும், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம், முடிந்தால் இன்றைக்கே பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். நம் பக்கம் முகமது என்று தொடங்கும் பெயர் எத்தனை பிள்ளைகளுக்கு! எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால்தான் சரியான பிள்ளையை நிறுத்த முடியும்.

தங்கச்சிமடம்: மகளுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. எனக்குத் தெரியாமல் எடுக்க முடியுமா அக்கா?

வழக்கமாக அப்பா, அம்மா இருவரும் அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் ஒருவரே அனெக்சர் சி என்ற படிவம் கொடுத்தும் விண்ணப்பிக்கலாம், ஓட்டை அங்கேதான். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இப்போதே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், வழக்கு இருந்தால் நகலோடு.

ராமநாதபுரம்: மகள் அமெரிக்காவிலிருந்து பேரனோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளை அங்கே ஆர்டர் வாங்கிவிட்டார். இங்கே செல்லுமாம்மா?

ஐயா, வெளிநாட்டு உத்தரவையும் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் பிள்ளையின் நலனே முதல் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், 2020இல் வேறொரு வழக்கில் குழந்தை அமெரிக்கா திரும்ப வேண்டும் என்றதும் அதே நீதிமன்றம்தான். மாப்பிள்ளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு, போடலாம். அமெரிக்காவில் 1993 முதல் இப்படிக் கொண்டுவருவது குற்றம், மகள் திரும்பிப் போகும்போது கைதாகவும் வாய்ப்பு உண்டு. பேரனை ஒளித்து வைக்க வேண்டாம், அப்பாவோடு வீடியோ காலில் பேசட்டும், அவனுக்கு அது வேண்டும். அடி உதை நடந்திருந்தால் அங்கத்திய மருத்துவச் சீட்டு, போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் சேருங்கள்.

மண்டபம்: மனைவி மகனோடு கொழும்பு போய்விட்டார். அந்த ஹேக் ஒப்பந்தத்தில் இலங்கை இருக்கிறதாமே?

2001இலிருந்து இருக்கிறது தம்பி. இரண்டு நாடும் இருந்தால்தான் பயன். இந்தியா சேர வேண்டும் என்று 2009இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தும் சேரவில்லை, உங்களைப் போன்றவர்கள் வரும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. கொழும்பில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அங்கேதான் வழக்குப் போட வேண்டும். பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, மகன் இங்கே வளர்ந்தவன் என்று காட்டும் எதையும் விடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.