கடன் வாங்கி டார்ஜிலிங் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் ரூ.26,000. டார்ஜிலிங் பார்க்க நெடுநாள் ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் ஆறு நாளைக்கு ரூ.30,000 கேட்கிறார். கடன் செயலி ஒன்றில் 16% வட்டியில் ஓராண்டுத் தவணைக்குக் கிடைக்கிறது. அதை எடுக்கலாமா, அல்லது வங்கியில் உள்ள ரூ.40,000 எஃப்.டி.யை (நிரந்தர வைப்பை) உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடாதீர்கள். 25 வயதில் முதுகுப்பையுடன் மலையேறப் போவதை வீண்செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

முதலில் கடன். ரூ.30,000க்கு மாதத் தவணை ஏறக்குறைய ரூ.2,720. ஓராண்டில் வட்டி மட்டும் ரூ.2,660. செயலாக்கக் கட்டணம் 2% என்றாலும், அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ரூ.708. ஆக ரூ.3,370 வெறும் கடனுக்கான விலை. டார்ஜிலிங்கில் ஐந்து இரவு தங்குவதற்கான பணம் அது! எஃப்.டி.யோ உங்கள் ஒன்றரை மாதச் சம்பளம்; வேலை போனால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் உங்களைத் தாங்கப்போவது அது ஒன்றுதான். அதைத் தொடாதீர்கள்.

அந்த ரூ.30,000த்தில் பெரும்பகுதி உங்களுக்கென்று தனியாக அமர்த்தப்படும் வண்டிக்குத்தான் போகும். தனியாகச் செல்பவருக்கு அது தேவையே இல்லை. சென்னையிலிருந்து கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவுக்கு ஒரு ரயில், கொல்கத்தாவின் சியால்டா நிலையத்திலிருந்து இரவில் கிளம்பும் டார்ஜிலிங் மெயிலில் நியூ ஜல்பாய்குரி. ஸ்லீப்பர் வகுப்பில் போக வர ரூ.2,500 ஒதுக்குங்கள். முதல் ரயில் தாமதமாகலாம். இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். அங்கிருந்து மேலே ஷேர் ஜீப். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். இறங்குவதற்கும் சேர்த்து ரூ.800 போதும். மாலையில் ஜீப் கிடைப்பது அரிது என்பதால் காலையிலேயே நியூ ஜல்பாய்குரியில் இறங்குவது முக்கியம்.

விடுதியில் படுக்கை மட்டும் எடுத்தால் இரவுக்கு ரூ.600 வீதம் ஐந்து இரவுக்கு ரூ.3,000. முன்பதிவு செய்யும்போதே வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். டார்ஜிலிங் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர். மலிவான அறைகளில் வெந்நீரை வாளிக் கணக்கில் விற்பதுண்டு. மோமோவும் துக்பாவும் (நூடுல்ஸ் சூப்) சாப்பிடத் தயங்காதவர் என்றால் உணவுக்கு நாளொன்றுக்கு ரூ.500 வீதம் ஐந்து நாளுக்கு ரூ.2,500 தாராளம். ரயில் சாப்பாட்டுக்கு ரூ.1,200.

சுற்றிப் பார்க்க ரூ.1,500 வைத்திருக்கிறேன். அதிகாலையில் டைகர் ஹில்லுக்கு வண்டி பிடிக்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துவார்கள். வானம் தெளிந்திருந்தால் அதே கஞ்சன்ஜங்காவை, 8,586 மீட்டர் உயரச் சிகரத்தை, ஊரின் நடுச் சதுக்கமான சௌரஸ்தாவுக்குப் பின்னால் அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றிவரும் பாதையிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். குன்றின் மேலுள்ள மகாகாள் கோயிலுக்கும் நடந்தே போகலாம். பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவுக்குக் கட்டாயம் போங்கள். சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் அங்கே உண்டு. அதே வளாகத்தில்தான் 1954இல் தொடங்கிய இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எவரெஸ்டில் ஏறிய டென்சிங் நோர்கே பயிற்சியளித்த இடம். வியாழக்கிழமை விடுமுறை, கவனம்.

சிக்கனம் பார்க்கக்கூடாத செலவு ஒன்றே ஒன்று: கூம் வரை போய்த் திரும்பும் பொம்மை ரயில். ரூ.1,600 ஒதுக்கியிருக்கிறேன். 1881இல் ஓடத் தொடங்கி, 1999இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில் போகாமல் திரும்பினால் மிச்சமான பணம் உங்களுக்கு மகிழ்ச்சி தராது.

எல்லாம் கூட்டினால் ரூ.13,100. மலைச்சாலையில் மண்சரிவு ஏற்பட்டால் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்க நேரலாம், அதற்கு ரூ.3,000 சேர்த்து ரூ.16,100. ஜூன் சம்பளம் முதல் நவம்பர் சம்பளம் வரை மாதம் ரூ.2,700 எடுத்து வையுங்கள். ரூ.16,200 சேர்ந்துவிடும். கடன் தவணையும் கிட்டத்தட்ட இதே தொகைதான். ஆனால் அதைப் பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டும். இது ஆறே மாதத்தில் முடிந்துவிடும்.

வழக்கமாக இந்த இடத்தில் மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடச் சொல்வேன். இதற்கு வேண்டாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். டிசம்பர் முதல் வாரப் பயணத்துக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே பணம் தேவை. ஆர்.டி. அப்போது முதிர்ந்திருக்காது. ஆறு மாத வட்டியும் முன்னூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். எனவே சம்பளக் கணக்கோடு சேராத தனிச் சேமிப்புக் கணக்கு போதும். செப்டம்பர் முடிவில் அதில் ரூ.10,800 இருக்கும், டிக்கெட்டை எடுத்துவிட்டு, விடுதியையும் அப்போதே பேசி முடியுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துர்கா பூஜை விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம் வந்திருக்காது. அறை விலை இறங்கியிருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். குளிர் கடுமை, நல்ல கம்பளிச் சட்டை ஒன்றை நண்பரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

கையில் ரூ.4,000 ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் டெபிட் கார்டில் மட்டும் எடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.