கண்டியில் நடந்து பழக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகக் கோயம்புத்தூரிலிருந்து கண்டிக்குக் குடிவந்திருக்கிறோம். ராஜபிஹில்ல பக்கம், மேட்டில் வீடு. ஊரை நடந்தே தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் திரும்பி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. மழையிலும் மாட்டிக்கொண்டேன். சிங்களம் தெரியாது. ஒரு பெண் தனியாக நடக்கலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: பகலில் தாராளமாக நடக்கலாம், சகோதரி. உங்களுக்கு மூச்சு வாங்குவது பெரும்பாலும் உடம்பில் உள்ள குறையால் இருக்காது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; அந்த உயரம் யாருக்கும் மூச்சு முட்ட வைக்காது. முட்ட வைப்பது ஏற்றம். கைபேசி வரைபடத்தில் 800 மீட்டர் என்று காட்டும் வழி, நேராகச் செங்குத்தாகப் போய்விடும். அதனால் முதல் சில வாரங்களுக்கு ஒரே ஒரு விதி: ஏறும்போது பஸ் அல்லது ஆட்டோ, இறங்கும்போது கால். உங்கள் வீடு மேட்டில் இருப்பது வசதிதான். காலையில் நடந்து இறங்குங்கள், சாமான் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி வாருங்கள். மீட்டர் இல்லாத ஆட்டோ என்றால் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். கால் பழகியபின் ஏறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இறங்கும் வழியில் அவசரம் வேண்டாம். ராஜபிஹில்ல மாவத்தையில் ஊர் முழுவதும் தெரிகிற காட்சிமுனை இருக்கிறது. அங்கே ஒரு கால் மணி நேரம் நின்று ஊரை மனதில் பதிய வையுங்கள். கீழே வாவி. அதன் வடகரையில், புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் கூரை. அதற்குப் பின்னால் இருண்டு நிற்கும் காடு உடவத்தகலே. இடப்பக்கம் நெருக்கமான கட்டடங்களாகத் தெரிவது கடைத்தெரு. அதற்கும் மேலே வெள்ளையாக உட்கார்ந்திருப்பது பஹிரவகந்த புத்தர் சிலை. கடைத்தெருவில் திசை தடுமாறினால் அந்தச் சிலையைத் தேடுங்கள்; ஊரின் பல மூலைகளிலிருந்தும் தெரியும். இதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கண்டியில் வழி தப்புவது குறைவு.

ஊரின் நடுப்பகுதி கிண்ணத்தின் அடிபோலத் தட்டையானது. அங்கே எவ்வளவு நேரமும் நடக்கலாம். வீதிகள் மன்னர் காலத்து அமைப்பிலேயே ஒன்றையொன்று நேராக வெட்டிக்கொண்டு போகின்றன. குயின்ஸ் ஹோட்டலிலிருந்து தலதா வீதி வழியாக மணிக்கூட்டுக் கோபுரம் வரை போங்கள். திரும்பும்போது கொழும்பு வீதி, யட்டிநுவர வீதி என்று ஒவ்வொரு நாளும் ஒரு வீதியாக மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பழைய பெயரையே சொல்வார்கள். டி. எஸ். சேனநாயக்க வீதியைத் திருகோணமலை வீதி என்றும், கொட்டுகொடல்ல வீதியைக் காசில் ஹில் ஸ்ட்ரீட் என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். அந்தக் கொட்டுகொடல்ல வீதியில்தான் கதிர்காம தேவாலயம் இருக்கிறது. முருகனை அங்கேயே கும்பிடலாம். பிள்ளையாருக்குப் பேராதனை வீதியில் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில்.

வாவியைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுவதும் சமதரை. வயலாகக் கிடந்த இடத்தில் 1807இல் இதைக் கட்டியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிரித்தானியர் அவரை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். உங்கள் ஊர்ப்பக்கம் அடங்கிய மன்னர் கட்டிய வாவியை நீங்கள் இங்கே சுற்றப் போகிறீர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கரையில் அலை அலையாக ஓடும் வெள்ளைச் சுவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர் நெடுக முக்கோண மாடங்கள், விளக்கு வைப்பதற்கு. தண்ணீரில் நீர்க்காகம் முழுகி எழும். கரையில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படுத்திருந்தால் விலகிப் போங்கள், அது தானாக நீருக்குள் இறங்கிவிடும். காலை ஆறரைக்குப் போனால்தான் இந்த அமைதி. பள்ளிக்கூட நேரத்திலும் மாலையிலும் வாவிக்கரையில் ஓடும் சங்கராஜ மாவத்தை பஸ் புகையால் நிரம்பிவிடும்.

மழைக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை பளிச்சென்று இருக்கும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். தெற்கே ஹந்தானை மலை மேகத்துக்குள் மறைந்தால் நான் வீடு திரும்பிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மழைக்குப் பிறகு மேட்டு வீடுகளுக்குப் போகும் படிக்கட்டுகளில் பாசி வழுக்கும்; அந்த நேரம் தார்வீதியே நல்லது. அடியில் பிடிப்புள்ள செருப்பு அல்லது சப்பாத்து போடுங்கள். உடைந்த வடிகான் மூடிகள் உண்டு, காலடியைப் பார்த்து வையுங்கள். வெயில் கோவையைவிட மென்மை என்று நினைத்துத் தொப்பியை விட்டுவிடாதீர்கள்.

கடும் மழை நாட்களில் மண்ணை வெட்டிய மேட்டு ஓரங்களிலும் மலைப்பாதைகளிலும் நடக்கவே வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளால் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடும். மேட்டில் குடியிருக்கும் நீங்கள் அதைக் கட்டாயம் கவனியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

ரயில் தண்டவாளத்தைக் குறுக்கு வழியாகப் பாவிப்பவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள்; சட்டப்படி குற்றம், வளைவில் வரும் ரயில் கடைசி நொடியில்தான் தெரியும். வீதியைக் கடக்கும் மஞ்சள் கோட்டுக் கடவையிலும் வாகனம் நின்றதை உறுதிசெய்தபின் கால் வையுங்கள். தெருநாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரம் (சோப்பு) போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடிக்கான ஊசி அரச வைத்தியசாலைகளில் இலவசம்.

மொழியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடைத்தெருவில் தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய. முஸ்லிம் கடைக்காரரை ‘நானா’ (அண்ணன்) என்று கூப்பிடுங்கள், முகம் மலரும். பஸ்ஸில் இறங்கும்போது ‘பஹினவா’ என்றால் போதும். எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதை அன்றன்று கேட்டுக்கொள்ளுங்கள். பேராதனைக்கு மட்டும் நடக்காதீர்கள், வழி முழுவதும் புகை. பஸ்ஸில் போய், 147 ஏக்கர் தாவரவியல் பூங்காவுக்குள் ஆசை தீர நடங்கள்.

தலதா மாளிகைக்குப் போகும் நாளில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், பையைச் சோதிப்பார்கள். உடவத்தகலேயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு அது, தனியாகப் போக வேண்டாம், துணையோடு போங்கள். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் தப்பலாம். குரங்குகள் கையில் பையைக் கண்டால் பாயும், தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள். இங்கே வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டும். நான்கு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடுங்கள்.