பிளைண்ட் டெஸ்ட்டில் "வித்தியாசம் இல்லை" என்று வந்தால் நம்பலாமா?

ஆடியோ கருவிகளை, எது எந்தக் கருவி என்று தெரியாமல் கேட்டு ஒப்பிடும் பிளைண்ட் டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஒழுங்காக நடத்திய சோதனையில் "வித்தியாசம் தெரிகிறது" என்று வந்தால் தாராளமாக நம்பலாம். "தெரியவில்லை" என்று வந்தால், எத்தனை சுற்று கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஏபிஎக்ஸ் முறையில் ஏ, பி இரண்டையும் கேட்டுவிட்டு, எக்ஸ் அவற்றில் எது என்று சொல்ல வேண்டும். 16 சுற்றில் 12 சரியாக இருந்தால் தேர்ச்சி என்பது வழக்கம். வெறும் ஊகத்தில் அதை எட்ட 4 சதவீத வாய்ப்புகூடக் கிடையாது. ஆனால் வித்தியாசம் மிக நுண்ணியது, கேட்பவர் நிஜமாகவே 60 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர் என்று வையுங்கள். அவர் 12-ஐத் தொடும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான்! மற்ற ஐந்து தடவையும் "இவருக்குக் கேட்கவில்லை" என்று எழுதிவிடுவோம். உளவியலாளர் லெஸ் லெவந்தால் 1980களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். சுற்றுகளைக் கூட்டத்தான் வேண்டும். ஒரே மூச்சில் கூட்டினால் காது களைத்துவிடும், நாள் பிரித்துச் செய்ய வேண்டும்.

அதற்காக, பார்த்துக் கேட்பதே மேல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லவே இல்லை. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கருக்கு இறங்கியது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினால் ஒலி மாறும். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மதிப்பெண்ணில் தெரிந்த அந்த மாற்றம், பார்த்துக் கேட்டபோது பெருமளவு காணாமல் போனது. கண் திறந்திருந்தால் காது மந்தமாகிவிடுகிறது.

வீட்டில் செய்பவர்களுக்கு: ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து மின்னழுத்தத்தை அளந்து, வால்யூமை 0.1 டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். அரை டெசிபல் கூடினாலே, சத்தம் கூடியதாகத் தோன்றாமல் "தெளிவு கூடியிருக்கிறது" என்று தோன்றும். கேட்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வித்தியாசத்தையும், மிகவும் சுருக்கித் தரம் குறைந்த (குறைந்த பிட்ரேட்) எம்பி3 மாதிரி, இடையில் சொல்லாமல் சேருங்கள். அதையே தவறவிட்டால், அன்றைய முடிவை வைத்து எந்த ஆம்ப்ளிஃபையரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.