கம்பெனியை மாற்றினால் காட்டு ஓட்ஸ் சாகுமா?

கேள்வி: கேத்தி பக்கம் படிமட்ட நிலத்தில் சம்பா கோதுமையும் அடுத்து பூண்டும் போடுகிறோம். கோதுமையில் வரும் காட்டு ஓட்ஸ் என்ற புல் களைக்கு குளோடினாஃபாப் என்ற களைக்கொல்லி அடிப்பது வழக்கம். இரண்டு வருஷமாகச் சரியாகச் சாவதில்லை. கடையில் டோஸைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு கம்பெனி மருந்து வாங்குங்கள் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் இது எதிர்ப்புத்திறன்தானா, அதாவது களையே மருந்தைத் தாங்கப் பழகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். நீலகிரியில் மருந்து அடித்த கையோடு தூறல் விழுவது சகஜம். உறைபனியில் வளர்ச்சி நின்ற களையும், நாலு இலை தாண்டித் தூர் கட்டிய களையும் மருந்துக்குத் தப்பும். அகன்ற இலைக் களையும் சேர்ந்து சாகட்டும் என்று 2,4-டியை அதே டேங்கில் கலந்தாலும் குளோடினாஃபாப்பின் வேகம் குறைந்துவிடும். நிறையப் பேர் செய்கிற வேலை இது.

இதெல்லாம் இல்லை என்றால், அடித்த இரண்டு வாரத்தில் களையின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மருந்து வேலை செய்திருந்தால் குருத்து சுலபமாக உருவிக்கொண்டு வரும்; அடி பழுப்பேறி அழுகியிருக்கும். செத்த செடிக்குப் பக்கத்திலேயே அதே வயதுச் செடி பச்சையாக, குருத்து அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் சந்தேகம் வலுக்கிறது. தெளிப்பு விட்டுப்போன இடம் கோடு கோடாகத் தெரியும். எதிர்ப்பு வந்த களை திட்டுத் திட்டாக நிற்கும்.

உறுதி செய்ய, தப்பிய செடியின் விதையையும் மருந்தே படாத இடத்து விதையையும் தனித்தனித் தொட்டியில் போடுங்கள். காட்டு ஓட்ஸின் புது விதை உறங்கும். உமியை உரித்து ஊசியால் லேசாகக் குத்தினால் முளைக்கும். இரண்டு மூன்று இலையில் லேபிள் அளவு அடித்து, மூன்று வாரம் கழித்து ஒப்பிடுங்கள்.

எதிர்ப்பு என்று தெரிந்தால், கம்பெனியை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. புல்லில் கொழுப்பு உருவாக்கும் ஒரு நொதியைத்தான் குளோடினாஃபாப் முடக்குகிறது. லட்சக்கணக்கான செடிகளில் ஓரிரண்டுக்கு அந்த நொதி இயல்பிலேயே சற்று மாறியிருக்கும், அல்லது மருந்தைச் சிதைக்கும் திறன் இருக்கும். மற்றதெல்லாம் செத்தால் விதை போடுவது இவைதான். பூண்டில் புல்லுக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குயிசலோஃபாப், புரோபாகுயிசாஃபாப் என்றால் அவையும் முடக்குவது அதே நொதியைத்தான். பயிர் மாறியும் களைக்கு மருந்து மாறவில்லை. டப்பாவில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ள மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள்.

ஹரியானாவில் கோதுமையில் வரும் ஃபலாரிஸ் மைனர் என்ற புல்லுக்கு வருஷக்கணக்காக ஐசோபுரோட்யூரான் என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது கேட்காமல் போனது. அதற்குப் பதிலாக வந்தவற்றில் குளோடினாஃபாப்பும் ஒன்று. பிறகு அதையும் புல் தாங்கப் பழகிவிட்டது.

சல்ஃபோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி வேறு நொதியை முடக்கும். ஆனால் காட்டு ஓட்ஸை அவ்வளவாக அடக்காது, மிச்சம் மண்ணில் தங்கி அடுத்த காய்கறியைக் கெடுக்கும். பீட்ரூட் ரொம்பவே பாதிக்கப்படும். மலைத்தோட்டத்தில் அதை நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை, தொந்தரவு அதிகமுள்ள படித்தட்டில் இரண்டு வருஷமாவது கோதுமையை விட்டு உருளைக்கிழங்கு போடுங்கள். மண் அணைக்கும்போதே களை அடிபடும். விதைக்கும் முன் ஒரு மழைக்குக் களையை முளைக்கவிட்டு, மேலாகக் கொத்திவிட்டு விதையுங்கள்; ஆழமாகக் கிளறினால் அடியிலிருக்கும் விதை மேலே வரும். தப்பியதைக் கதிர் முற்றும் முன் கையால் பிடுங்குங்கள், மேல் தட்டிலிருந்து ஆரம்பித்து. மழைத் தண்ணீரோடு விதை கீழே இறங்கும். கூலி கட்டாது என்பீர்கள். திட்டு சின்னதாக இருக்கும்போது கட்டும்.

அப்புறம், சொந்த விதையா? சம்பா கோதுமை உமியோடு நிற்பது, தூற்றினாலும் காட்டு ஓட்ஸ் முழுசாகப் பிரியாது. அடுத்த விதைப்புக்கு ஒரு கைப்பிடியைத் தாம்பாளத்தில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாக, முறுக்கிய நீள மீசையோடு ஒன்றிரண்டு தெரிந்தாலே அந்த மூட்டையை விதைக்காதீர்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் கோதுமைக்கென்றே வேலை செய்கிறது. சுத்தமான விதைக்கு அங்கே விசாரியுங்கள்.