காந்தம் வேறு, கரண்ட் வேறு

கேள்வி: எனக்கு 48 வயது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். 11 ஆண்டுகளாக மனச்சோர்வு. நான்கு மருந்துகள் மாற்றியாகிவிட்டது. காலையில் எழுந்து வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் 11 மணிவரை எழுந்திருக்க முடிவதில்லை. மதுரையில் பார்க்கும் மருத்துவர், தலையில் காந்தம் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு 30 முறை வரச் சொல்கிறார். மாமியாரோ, "தலையில் கரண்ட் வைத்தால் இருக்கிற புத்தியும் போய்விடும், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வா" என்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்றும் பயம். சில நாள் விடியாமலே போனால் தேவலை என்றிருக்கிறது. செய்துகொள்ளலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புள்ள ஆச்சி,

'விடியாமலே போனால் தேவலை' என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா? நம் பெண்கள் அவரிடம் போய் "தூக்கம் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டால் அவர் வேறு சிகிச்சையைக்கூடச் சொல்லக்கூடும், அதனால் இன்றே போனில் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் இன்னும் வலுத்தால் தனியாக இருக்காதீர்கள். அடுத்த தேதிவரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி காந்தம். உங்கள் மாமியார் பயப்படுவது, தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைக்கும் ஷாக் சிகிச்சையை நினைத்து. உங்களுக்குச் சொல்லியிருப்பது அதுவல்ல. காந்த சிகிச்சையில் மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து உட்காருவீர்கள். எட்டு வடிவத்தில் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்றை இடது நெற்றிக்குச் சற்று மேலே வைப்பார்கள். அதில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும்போது காந்தத் துடிப்பு எழுந்து, மண்டையோட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள மூளைப் பகுதியைத் தட்டிவிடும். காந்தத்தின் வலு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உள்ள அளவுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-இல் இதைச் செய்து காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்க அரசு 2008-இல் அனுமதி கொடுத்தது.

வழக்கமான முறையில் 4 விநாடி தட்டும், 26 விநாடி சும்மா இருக்கும், மறுபடி தட்டும். டைப்ரைட்டிங் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரே எழுத்தை அடிப்பதுபோலச் சத்தம், காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஒரு தடவைக்கு 37 நிமிடம் ஆகும். 3 நிமிடத்தில் முடிகிற முறையும் உண்டு. 2018-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் அதன் பலன் பழைய முறைக்குக் குறைந்ததாக இல்லை. முதல் சில நாள் அந்த இடம் வலிக்கும், தலைவலி வரும். வலிப்பு மிக அபூர்வமாக வரக்கூடும். நினைவு போவதில்லை. ஆனால் தலைக்குள் உலோகக் கிளிப், காதில் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர், எப்போதாவது வந்த வலிப்பு இவற்றில் எதையும் மறைக்காதீர்கள். பல்லில் அடைத்த சிமென்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஷாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அக்காவை எங்கள் பக்கமும் ஆச்சி என்றுதான் சொல்வோம். 1990-களின் தொடக்கத்தில் என் மூத்த ஆச்சி சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எட்டு முறை வைத்தார்கள். மயக்கம் கொடுத்துத்தான். அந்தக் காலத்தில் மயக்கம் கொடுக்காமலும் பல இடங்களில் வைத்தார்கள், சினிமா பிடித்துக்கொண்டது அந்தக் காட்சியைத்தான். மயக்கம் கொடுக்காமல் வைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. ஐந்தாவது முறை முடிந்து எழுந்த ஆச்சி, "வீட்டில் கவுனி அரிசி இருக்கிறதா?" என்று கேட்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆத்தா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அந்த வருடத்துப் பிள்ளையார் நோன்பு ஆச்சியின் நினைவிலேயே இல்லை. இழை எடுத்துக்கொண்டு நிற்கும் போட்டோவைக் காட்டினால், "நான் எங்கே வந்தேன்?" என்பார். கொடுத்தது அதிகம், எடுத்துக்கொண்டதும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்கிற அளவுக்கு நோய் முற்றினால் வாரக்கணக்கில் காந்தத்தோடு காத்திருக்க முடியாது, அங்கே ஷாக்தான் சீக்கிரம் தூக்கிவிடும். அதனால்தான் அந்த ஒரு வரியை மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன்.

அடுத்து, நான்கு மருந்து மாற்றியாகிவிட்டது என்கிறீர்கள். எப்படி மாற்றினீர்கள்? ஒவ்வொன்றையும் முழு அளவில் ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்டால்தான் அது தோற்றது என்று சொல்ல முடியும். வாய் வறண்டது, உடம்பு போட்டது என்று இருபது நாளில் நிறுத்தியது கணக்கில் சேராது. வட்டிக்கடைக் காலத்திலிருந்து ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் நம் ஊர். மருந்துக்கும் ஒரு ஐந்தொகை போடுங்கள்: மருந்தின் பெயர், அளவு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, ஏன் நிறுத்தினீர்கள். பழைய சீட்டுகளோடு அந்த ஒரு தாளையும் கொண்டுபோய்க் கொடுங்கள். தைராய்டு, பி12, ரத்தசோகை பார்த்தார்களா? இடையில் எப்போதாவது தூக்கமே வேண்டாமல் அளவு மீறிய உற்சாகத்தில் திரிந்த நாட்கள் உண்டா? உண்டென்றால் நோயின் பெயரே மாறலாம். காலையில் தூணோடு ஒட்டிக்கொள்வதும் நோயின் குணம்தான், உங்கள் சோம்பல் இல்லை.

இவையெல்லாம் சரியாக நடந்தும் தேறவில்லை என்றால், ஐந்தாவது மருந்தைவிடக் காந்தத்தைத்தான் நான் யோசிப்பேன். சுமார் 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் அமெரிக்காவில் முடிவு வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர் மூன்றில் ஒருவர். மூன்றாவது, நான்காவது மருந்துக்கு வந்தபோது அது ஏழில் ஒருவராகச் சுருங்கிவிட்டது. காந்தத்தில், மருந்துக்கு மசியாதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நன்றாகக் குறைகிறது. மீதிப் பாதியில் நீங்கள் இருக்கவும் கூடும். தேறியவர்களிலும் சிலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது, மறுபடி சில தடவை வைக்கவேண்டியிருக்கும். மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

30 முறை என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம். தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரை போய்வர நினைக்காதீர்கள், பத்தாவது நாள் உடம்பு ஒத்துழைக்காது. மதுரையில் உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள், அல்லது ஓர் அறை எடுங்கள். முதல் நாளே மொத்தச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், உள்நோயாளியாகச் சேராமல் செய்யும் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

குணசீலத்துக்கும் போய்வாருங்கள், மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு. ஒரு மண்டலத்துக்கு 48 நாள், ஆறு வாரத்துக்கு 42 நாள். இந்தக் கணக்கை மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள், சண்டைதான் வரும். கணவரை அவரிடம் பேசச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து மகன் போன் செய்தால் அந்த வயதில் எந்தத் தாயும் பாதி இறங்கிவருவார்.

ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் நேரே கேட்டால் மட்டும் பொய் வேண்டாம், 'சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன்' என்றால் போதும். ஆனால் மகளுக்குத் தெரியவேண்டும். 11 வருடமாக அந்தத் தூணடியில் உங்களைப் பார்த்து வளர்ந்த பெண், அவளுக்கு என்ன ஏது என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். முதல் நாள் அவளைக் கூட அழைத்துப் போங்கள். உங்களுக்கு எவ்வளவு வலு வைக்கவேண்டும் என்று அளப்பதற்காக, அன்று சுருளை உச்சிக்குப் பக்கமாக வைத்து ஒருமுறை தட்டுவார்கள். நீங்கள் அசைக்காமலே வலக்கைக் கட்டைவிரல் துள்ளும். அப்போது அவள் பக்கத்தில் இருக்கட்டும்.